தவறிய நாளுக்கு என்ன பதில்?

கறம்பக்குடி கடைவீதி டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் கேட்டார்: “நடக்கணும்னு ஆசையாத்தான் தம்பி அந்த ஆப்ப ஏத்துனேன். தெனம் நடந்தேன். நடுவுல பெரியப்பா தவறிட்டாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு தொறந்து பாத்தா, சைபர்னு காட்டுது. அப்பறம் அதத் தொடவே மனசு வரல. அது ஏன்?”

அவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, விழுந்த மரங்களை அப்புறப்படுத்திக் கன்று வைத்துத் தண்ணீர் கட்டி மறுபடி தோப்பாக்கியவர். காய்ப்புக்கு ஐந்தாறு வருஷம் காத்திருக்கத் தெரிந்த ஒருவரால் ஒரு செயலியோடு ஒரு மாதம் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்றால், பிசகு செயலியின் அமைப்பில்தான் இருக்க வேண்டும். எங்கே என்று பார்க்கலாம், டீ ஆறுவதற்குள் முடியாது, இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

இந்த மாதிரிச் செயலிகளில் பல நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குக் கணக்கு முடிக்கின்றன. அன்றைய இலக்கை எட்டியிருந்தால் ஒரு நாள் கூடும். எட்டாவிட்டால் அதுவரை சேர்ந்த தொடர் நாள் கணக்கு மொத்தமும் அழிந்து சைபருக்கு வரும். தொடர்ச்சி விட்டுப்போகக் கூடாது என்ற பதைப்பில் மனிதர் நடப்பார் என்பது இதன் பின்னால் இருக்கும் எண்ணம். கொஞ்ச நாள் நடக்கவும் செய்வார். ஆனால் தொடர்ச்சி அறுந்த மறுநாளே நடப்பதற்கான காரணமும் சேர்ந்து அறுந்துவிடும். நடவு, அறுவடை, திருவிழா, துக்க வீடு, அடைமழை என்று நம் ஊரில் வருஷம் முழுக்க நாள் அறுகிறது. அறாத வாழ்க்கை உள்ள ஒருவரை மனதில் வைத்துச் செய்த கருவி அது.

“பத்தாயிரம் அடி நடந்தாத்தானே சக்கரை கொறையும்?” என்றார் அண்ணன்.

அந்தப் பத்தாயிரத்தின் கதையைச் சொன்னேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி மீது ஆர்வம் பெருகியது. அடுத்த வருஷம் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றைப் பத்தாயிரம் அடி என்ற பெயரோடு விற்பனைக்கு விட்டது. விற்பனைக்கு வைத்த அந்த எண் நாடு நாடாகப் போய், கடைசியில் மருத்துவ விதி மாதிரி நம் போனுக்குள்ளும் குடியேறிவிட்டது. 2019-ல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரும் குழுவும் சராசரி 72 வயதுள்ள 16,741 அமெரிக்கப் பெண்களின் நடையை அளந்து, பிறகு பல வருஷம் பின்தொடர்ந்த முடிவை வெளியிட்டார்கள். நாளைக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. நடை கூடக் கூட நன்மையும் கூடியது, 7,500 வாக்கில் அது சமநிலைக்கு வந்துவிட்டது. 6,000 அடி நடந்துவிட்டு, தோற்றுவிட்டோம் என்று படுக்கப் போன ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு அநியாயம் இருக்கிறது. போன் உடம்பில் இருந்தால்தான் அடியை எண்ணும். தோப்புக்குள் வேலை செய்கிறவர் போனை வரப்பில், சட்டை மடிப்பில், மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டுப் போகிறார். களை எடுக்கிற பெண்ணின் சேலையில் பை கிடையாது. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவள் வீட்டுக்கு வந்து திறந்தால் 900 அடி என்று வரும். அவள் உழைப்பைக் கண்ணால் பார்க்காத ஒன்று அவளைக் குறைசொல்கிறது. எந்த உடலசைவும் கணக்கில் சேரும், வயதுவந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. வாரக் கணக்கு, கவனியுங்கள். கூகுள் ஃபிட் செயலியும் 2018-ல் அடியை முதன்மையாக வைப்பதை விட்டு, அசைந்த நிமிஷங்களையும் மூச்சு வாங்க உழைத்ததற்கான புள்ளிகளையும் முன்னால் வைத்துத் தன் முகப்பை மாற்றியது. நல்ல திருப்பம்தான். நடவையும் களையெடுப்பையும் அதுவும் தானாக அறியாது. அவற்றை நாமே வாயால் சொல்ல வழி வேண்டும்.

இனி அண்ணனின் பதினாறு நாளுக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைத் தினம் ஒரு புதுப் பழக்கத்தைச் செய்யச் சொல்லித் தொடர்ந்து கவனித்து, 2010-ல் எழுதினார்கள். பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை என்பதும் அந்த ஆய்விலேயே தெரிந்தது. அதாவது, மனம் ஒரு நாளை மன்னித்துவிடுகிறது. மன்னிக்காதது திரையில் தெரியும் அந்தச் சைபர்.

உடம்பும் மன்னிக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை என்று டாக்டர் எழுதித் தருகிற ஹெச்பிஏ1சி சோதனையை அண்ணன் ஏற்கெனவே எடுத்திருக்கிறார், ஆனால் அது என்ன அளக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ரத்தச் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள் உயிரோடிருக்கும். அதிலிருக்கும் ஹீமோகுளோபினில், ரத்தத்தில் ஓடும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு பங்கில் ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்கிறது. சோதனைக்கு முதல் நாள் சாப்பிட்ட கல்யாண விருந்தோ, துக்க வீட்டில் நடக்காமல் இருந்த ஒரு வாரமோ தனியாக அதைக் கவிழ்த்துவிடாது. மூன்று மாதத்தில் கடைசி மாதத்துக்குக் கனம் அதிகம் என்பது இன்னும் நல்ல செய்தி. விட்டவர் திரும்பத் தொடங்கினால் அந்தத் திரும்பலைத்தான் சோதனை கூடுதலாக எடைபோடும். (ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த அளவு பிசகக்கூடும். நம் பக்கத்துப் பெண்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.) உடம்பே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும்போது, ஒவ்வொரு நள்ளிரவிலும் தீர்ப்புச் சொல்ல ஒரு செயலிக்கு என்ன அவசரம்?

“அப்ப மாத்திரையும் பத்து நாள் விடலாமா?”

விடக் கூடாது. நல்லவேளை கேட்டார். நடைக்கு உள்ள சலுகை மாத்திரைக்குக் கிடையாது. மாத்திரை விட்டுப்போனால் மறுவேளை இரண்டாகச் சேர்த்துப் போடவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே பச்சை, ஒரே சிவப்பு விளக்கில் காட்டுவது செயலிகள் செய்கிற பெரிய தப்பு. நடையில் இளகியும் மாத்திரையில் கறாராகவும் பேசத் தெரிய வேண்டும் அதற்கு.

பெரிய நிறுவனங்களும் இதை மெதுவாகத்தான் உணர்ந்தன. ஆப்பிள் கைக்கடிகாரத்தில் நாள்தோறும் மூட வேண்டிய வளையங்கள் உண்டு. முன்பெல்லாம் காய்ச்சலில் படுத்தாலும் அவை காத்திருக்கவில்லை. 2024-ல் வந்த மென்பொருள் மாற்றத்தில்தான் அந்த வளையங்களை நாள்கணக்கில் நிறுத்திவைக்கவும், கிழமைக்குக் கிழமை வேறு இலக்கு வைக்கவும் வசதி கொடுத்தார்கள். முதல் கடிகாரம் 2015-ல் வந்தது. மனிதருக்கு உடம்பு முடியாமல் போகும் என்பதை ஏற்க ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

பணம் கொடுத்தால் நடப்பார்களா என்று கேட்பவர்களுக்கு சிங்கப்பூரில் பதில் இருக்கிறது. எரிக் ஃபிங்கல்ஸ்டைன் குழு அங்கே 800 ஊழியர்களை வைத்து நடத்திய சோதனை 2016-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு நடைமானி மட்டும், ஒரு பிரிவுக்கு நடந்தால் ரொக்கம், இன்னொரு பிரிவு நடந்தால் தர்மத்துக்குப் பணம். ரொக்கம் இருந்த ஆறு மாதமும் நடை கூடியது. ரொக்கம் நின்றதும் அந்த ஏற்றமும் நின்றது. வருஷ முடிவில் பத்தில் ஒருவர்தான் நடைமானியை மாட்டியிருந்தார்.

எனக்கு இந்த விஷயத்தில் நம்பிக்கை தந்தது சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவின் ஆய்வு. 2013-ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 537 வேலைக்குப் போகும் ஆண்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றி அறிவுரை. பாதிப் பேருக்கு அதோடு சாதாரண குறுஞ்செய்திகள். வரைபடம் கிடையாது, பதக்கம் கிடையாது. இரண்டு வருஷத்தில் செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கும், வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. செய்தியை எழுதிய விதத்தில்தான் சூட்சுமம். மாறுவதைப் பற்றி நினைக்கவே தொடங்காதவர், யோசிக்கிறவர், தொடங்கிவிட்டவர், நிலைக்கப் பார்க்கிறவர் என்று மனம் நிற்கும் படிக்கு ஏற்ப வெவ்வேறு செய்தி போனது. அண்ணன் திரும்ப வந்த நாளில் அவர் நின்ற படியும் மாறியிருந்தது. செயலி பழைய படியிலிருந்தே அவரோடு பேசியது. அந்த ஆய்வில் பெண்கள் இல்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

பெண்கள் என்றதும் நம் மாவட்டமே பாடம் வைத்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. விழாமல் யாரும் சைக்கிள் கற்றதில்லை. விழுந்தவளை எழுப்பிவிடக் கூட இன்னொருத்தி நின்றாள். போய்வர பஸ்ஸை நம்பாத சொந்தக் காரணம் அவளுக்கு இருந்தது. நேற்றுத் தள்ளாடியது இன்று நேராக ஓடியது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஊக்கம் நிலைக்க மூன்று வேண்டும் என்கிறார்கள்: தானே தேர்ந்ததாக இருக்க வேண்டும், தன்னால் முடிகிறது என்று தெரிய வேண்டும், உடன் மனிதர்கள் இருக்க வேண்டும். அந்தச் சைக்கிள் பழகிய பொட்டல்களில் மூன்றும் இருந்தன.

இப்போது அந்த உடன் மனிதர் இடத்தில் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருகிற தன்னார்வலப் பெண்ணை அண்ணி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நம் ஊருக்கு ஒரு செயலி செய்தால், அந்தப் பெண்ணின் வருகையை அது ஈடுசெய்யப் பார்க்கக் கூடாது, அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பத்து நாள் திறக்கவில்லையென்றால் பத்து அறிவிப்பு அனுப்பாமல், அடுத்த முறை வரும்போது “என்னாச்சுக்கா?” என்று கேட்கச் சொல்லி அந்தத் தன்னார்வலருக்கு ஒரு குறிப்புப் போகட்டும், அதற்கு முன்பே பயன்படுத்துகிறவரின் சம்மதம் வாங்கிக்கொண்டு.

எப்படி மாற்றி அமைக்கலாம் என்று அண்ணனே சொல்லத் தொடங்கிவிட்டார். இலக்கை அவர் வைப்பார், வாரத்துக்கு வைப்பார். தேங்காய் வெட்டு, தண்ணீர் கட்டு, நூறு நாள் வேலை என்று தமிழில் வாயால் சொன்னால் அது உழைப்பாகச் சேர வேண்டும். துக்கம், காய்ச்சல், திருவிழா என்று ஒரு தொடுதலில் நிறுத்திவைக்க வேண்டும். யார் முதல், யார் கடைசி என்ற பட்டியல் வேண்டாம். “கடைசியில நிக்கிறவன் அதோட போயிருவான்” என்றார். நான் சேர்த்தது ஒன்று: சர்க்கரை அளவு கூடியிருந்தால் சிவப்பில் மிரட்டாமல், அடுத்து என்ன செய்யலாம், எந்த அளவுக்கு மேல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். பயந்துபோனவர் அளப்பதையே நிறுத்திவிடுவார். இன்னொன்றும் உண்டு. அண்ணியின் கணக்கு மகன் போனில்தான் இருக்கும். அவர் அளவை யார் யார் பார்க்கலாம் என்பதை அண்ணி முடிவு செய்ய வேண்டும்.

திரும்பி வருகிறவருக்கான முகப்பை மற்ற எல்லாத் திரைக்கும் முன்னால் வரைய வேண்டும். அதில் சைபர் இருக்கக் கூடாது. இதுவரை நடந்தது அப்படியே இருக்கட்டும், இன்றைக்குப் பத்து நிமிஷம் போதுமா என்ற கேள்வி இருக்கட்டும்.

இப்படி ஒன்றைச் செய்தால் ஆடியில் கொடுத்து தை அறுவடை தாண்டும்வரை பார்க்க வேண்டும். விதைப்பு, மழை, தீபாவளி, அறுப்பு எல்லாம் அதற்குள் வந்துவிடும். தினம் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை வைத்து அதை எடைபோட வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் விட்டவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், வந்தவர்களின் மூன்று மாதச் சர்க்கரை எப்படி இருந்தது என்ற இரண்டையும் எண்ணினால் போதும்.