மினாரா தெரிந்த பிறகு

பினாங்கில் கப்பலேறி வங்காள விரிகுடாவைக் கடந்து வந்தவர்களின் கண்ணில் முதலில் பட்டது கரை அல்ல, நாகூர் தர்காவின் பெரிய மினாரா. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. 131 அடி உயரம். "மினாரா தெரியுது" என்று யாராவது ஒருவர் குரல் கொடுத்தால் போதும், படுத்திருந்தவர்கள், தாயம் ஆடியவர்கள், வாந்தியெடுத்துக் களைத்தவர்கள் எல்லாரும் கப்பலின் ஒரே பக்கத்துக்கு வந்துவிடுவார்கள் என்று என் தாத்தா சொல்லுவார். பினாங்கின் சூலியா தெருவிலும் ஒரு நாகூர் தர்கா உண்டு. கப்பலேறும் நாளில் அங்கே காசு போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தவர் அவர். முருக பக்தர்தான். ஆனாலும் கடல் பயணம் என்றால் அது நாகூர் ஆண்டவர் பொறுப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அவர் வந்தது 1970-இல், ரஜூலாவில். கீழத்தஞ்சைக் கிராமங்களில் இன்றும் பெரியவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், உறவுக்காரப் பெண்ணை விசாரிப்பதுபோல முகம் மலரும். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக ஓடிய கப்பல். சிங்கப்பூர், கிள்ளான் துறைமுகம், பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்பது அதன் பாதை. ஆரம்பத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. விரித்த பாய்தான் இடம். பக்கத்துப் பாய்க்காரர் அந்தச் சில நாள்களுக்குச் சொந்தக்காரர். ரஜூலாவுக்கு ரோனா என்று ஓர் உடன்பிறப்பு இருந்தது. 1943 நவம்பரில் அல்ஜீரியக் கடலில் ஜெர்மன் விமானத் தாக்குதலில் அது மூழ்கியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். கப்பலில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளும் போனார்கள். ரஜூலா போரிலும் தப்பிப் பிழைத்து, தன் பழைய பாதைக்கே திரும்பியது.

கப்பலில் ஊர் திரும்பியவர்கள் எல்லாரும் தாங்களாக விரும்பித் திரும்பியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, மலாயாத் தோட்டங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. ஜப்பான்காரன் ஆண்ட மூன்றரை வருஷம் கப்பலே இல்லை, கடிதமும் இல்லை. பிறகு 1969. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று மலேசியாவில் வந்த சட்டம், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்களின் அடிமடியிலேயே கைவைத்தது. வாழ்நாளெல்லாம் அந்த மண்ணில் பால் மரம் சீவிய பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். அவர்களோடு வந்த பிள்ளைகளில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். பெற்றோருக்குத்தான் அது ஊர் திரும்பும் பயணம். அந்தப் பிள்ளைகள் பிறந்த ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

தாத்தா 1937-இல், பதினாறு வயதில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனவர். அடுத்த வருஷமே இந்திய அரசு கூலி வேலைக்கு ஆள் போவதைத் தடுத்துவிட்டது. அப்பாயியும் பிள்ளைகளும் 1961-இல் ஊருக்கு வந்துவிட்டார்கள். "ரெண்டு வருஷத்துல வந்துடறேன்" என்றவருக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. வந்ததும் பெர்மிட் கிடைக்காமல்தான்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடுவையாற்று முகத்தில் மண் மேடிட்டு ஆழம் குறைந்த துறைமுகம் அது. கப்பல் தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பக்கவாட்டு ஏணியில் இறங்கிப் படகில் கால் வைக்க வேண்டும். அலையில் படகு ஏறும், இறங்கும். ஏறி வரும் நேரம் பார்த்துக் காலை வைக்கணும் என்பார் தாத்தா. கைக்குழந்தைகளைத் துணியில் கட்டிக் கைமாற்றி இறக்குவார்களாம். நாலு நாள் கடலைவிட அந்த நாலு எட்டுக்குத்தான் எல்லாரும் பயந்திருக்கிறார்கள். கரையில் நிற்பவர்களுக்கோ கப்பல் கண்ணுக்குத் தெரியும், ஆள் தெரியாது.

இப்போது கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம். ரஜூலாவை 1974-இல் உடைத்துவிட்டார்கள். அதற்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தக் கடல்வழி முடிந்துபோனது.

தாத்தா வந்திறங்கிய அன்று அப்பாயி விடியற்காலையிலேயே கரைக்கு வந்துவிட்டாள். கூட என் அப்பா; பதிமூன்று வயது. ஒவ்வொரு படகாக வந்தது. வேட்டி, கைலி, தொப்பி, அழுகை, சிரிப்பு. தாத்தா இல்லை. வெயில் ஏறியது. கடைசிப் படகில்தான் வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "புள்ளக்குட்டிக்காரங்க மொதல்ல எறங்கட்டும்னு நின்னேன்" என்றாராம். அதையேதான் கடைசி வரைக்கும் சொன்னார். சாவதற்கு ஒரு மாதம் முன்பு, நான் கால் பிடித்துக்கொண்டிருந்தபோது வேறு மாதிரி சொன்னார்:

"எறங்க மனசு வரல தம்பி. முப்பத்து மூணு வருசம். கையில ஒரு பொட்டி. அதுலயும் ஒண்ணுமில்ல."

சுங்கக் கொட்டகையைவிட்டு வெளியே வந்ததும் சுமை தூக்குகிறவர் ஒருவர் அந்த டிரங்குப் பெட்டியில் கை வைத்திருக்கிறார். அப்பாயி விடவில்லை. முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தானே தலையில் ஏற்றிக்கொண்டாள். தூக்க வந்த அப்பாவையும் "நீ சின்னப் புள்ள, தாங்க மாட்டே" என்று தள்ளிவிட்டாள். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூட வந்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கழுத்தை விறைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி நடந்தாள்.

பஸ்ஸில் ஏற்றும்போதுதான் அப்பா அதைத் தூக்கிப் பார்த்தாராம். ஒரே கையில் வந்துவிட்டது.