லினக்ஸ் ஏற்றியாயிற்று, எழுந்திருக்கவில்லையே!

நம் சங்கத்துக் குடும்பங்களில் கணிப்பொறி தெரியாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய கணிப்பொறி ஒன்றில் லினக்ஸை ஏற்றி, அதை வீட்டு சர்வராக்கி, குடும்பப் படங்களையும் கணக்குகளையும் அதில் சேமிப்பவர்கள் மைசூரில் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: "இன்ஸ்டால் ஒழுங்கா முடிஞ்சுது சார். ரீஸ்டார்ட் பண்ணினா வெறும் கறுப்புத் திரைதான் வருது."

உடனே பலரும் செய்வது, முதலிலிருந்து மறுபடியும் ஏற்றுவது. அதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஏற்றிய லினக்ஸ் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாகவே இருக்கும். அதை எழுப்புகிற வழியில்தான் எங்கோ அறுந்திருக்கும். மறுபடி ஏற்றும் அவசரத்தில், எந்த டிஸ்கை அழிப்பது என்று கேட்கும் இடத்தில் தவறான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பக்கத்து டிஸ்கில் இருக்கும் பத்து வருடப் படங்களும் போய்விடும்.

கணிப்பொறி எழுவது ஒரு தொடர் ஓட்டம் போல. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள சிறு நிரல். பழைய இயந்திரங்களில் அது பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. அது ஹார்ட் டிஸ்கில் உள்ள 'கிரப்' என்ற நிரலைத் தேடி எழுப்பும். கிரப், லினக்ஸின் கருவான கெர்னலை எழுப்பும். கெர்னல் டிஸ்கைத் திறந்து மற்ற வேலைகளைத் தொடங்கும். யார் கையிலிருந்து கோல் விழுந்தது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கிரப்புக்கு முன் 'லைலோ' என்ற நிரல் இருந்தது. 2015-இல் அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொரு படி கடந்ததும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். இரண்டு எழுத்தோடு நின்றால் எந்தப் படியில் நின்றது என்று சொல்லிவிடலாம். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்!

இன்று நான் அதிகம் பார்ப்பது முதல் கைமாற்றத்தில் வரும் கோளாறு. பயாஸ் தேடுவது டிஸ்கின் தொடக்கத்தில் உள்ள 512 பைட்டுகளை. அதிலும் 446 பைட்டுகள்தான் நிரலுக்கு. யூஇஎஃப்ஐ அங்கே பார்ப்பதில்லை. தனக்கென ஒதுக்கிய ஒரு சிறு பகுதியில் கோப்பாக இருக்கிறதா என்று தேடும். பென் டிரைவை பயாஸ் முறையில் எழுப்பி லினக்ஸ் ஏற்றிவிட்டு, போர்டை யூஇஎஃப்ஐ முறையில் மட்டும் தேடச் சொன்னால் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றுதான் வரும். ஏற்றியபோது இருந்த முறையையே போர்டின் அமைப்பில் திரும்ப வைத்தால் போதும். ஒன்றையும் அழிக்க வேண்டியதில்லை.

குவெம்பு நகரில் ஒரு வீட்டில் வேடிக்கையான கோளாறு. பென் டிரைவ் செருகியிருந்தால் சர்வர் எழும், எடுத்துவிட்டால் எழாது. கிரப் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் பென் டிரைவிலேயே போய் உட்கார்ந்திருந்தது. "அதை அப்படியே விட்டு வெச்சுடேன்டா" என்றார் பையனின் அம்மா. கெட்ட யோசனை இல்லை! ஆனாலும் டிரைவைச் செருகி எழுப்பி, கிரப்பை ஹார்ட் டிஸ்கில் எழுதினோம். பத்து நிமிட வேலை.

'கிரப் ரெஸ்க்யூ' என்று திரையில் வந்தால் கிரப்பின் முதல் துண்டு எழுந்துவிட்டது, மற்ற கோப்புகளைக் காணவில்லை என்று பொருள். கெர்னல் வரை வந்து 'டிஸ்க் இல்லை' என்று நின்றால், பெரும்பாலும் அந்த டிஸ்கைத் திறக்கும் டிரைவர் துவக்கத் தொகுப்பில் சேரவில்லை. ரெய்டு கார்டு உள்ள சர்வர்களில் இது சகஜம். எல்லாம் தாண்டி ஒன்றரை நிமிடம் காத்திருந்து 'எமர்ஜென்சி மோட்' வந்தால், எஃப்எஸ்டேப் என்ற பட்டியலைப் பாருங்கள். கழற்றிவிட்ட டிஸ்க் ஒன்றின் பெயர் அதில் இருக்கும். அந்த வரியில் 'நோஃபெயில்' என்று சேர்த்துவிட்டால், அந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும். மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் மூலையில் கிடக்கும் சர்வருக்கு இது அவசியம்.

வீட்டு சர்வருக்குத்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூலை இறுதியில் கிரப்பில் இருந்த 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க ரெட் ஹேட் நிறுவனம் புதிய கோப்புகளை வெளியிட்டது. அவற்றைப் போட்ட பல சர்வர்கள் எழ மறுத்தன. தரவு எங்கும் போகவில்லை, துவக்கும் கோப்புதான் பழுது. வேறொரு ஊடகத்திலிருந்து எழுப்பி, பழைய கோப்பைத் திரும்ப வைத்ததும் எழுந்தன. சில நாட்களில் திருத்திய கோப்பும் வந்தது.

நம் வீட்டிலும் வழி அதுதான். லினக்ஸ் ஏற்றப் பயன்படுத்திய பென் டிரைவை எறிந்துவிடாதீர்கள். அதிலிருந்து எழுப்பி, டிஸ்கில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து கிரப்பைச் சரிசெய்யலாம். அப்படியும் முடியாமல் மறுபடி ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் இயந்திரத்தை அணைத்து, படங்கள் உள்ள டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.