ஆறுமணிக் குருவியைப் பார்க்க எந்த பைனாகுலர்?

இந்தியாவிலிருந்து வலசை வரும் ஆறுமணிக் குருவியை நுவரெலியா விக்டோரியா பூங்காவில் காணலாம். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். மங்கிய வெளிச்சம், மரநிழல், பனிமூட்டம். கையில் காசும் குறைவு. எதை வாங்குவது?

8×42 என்றால் என்ன?

8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்: 5.25 மி.மீ. சிறிய 10×25இல் அது 2.5 மி.மீ. மட்டுமே.

ஏன் அது முக்கியம்?

மங்கலில் நம் கண்மணி 5 மி.மீ. அளவுக்கு விரிந்தால், 8×42 அந்த 10×25ஐ விட ஏறத்தாழ நான்கு மடங்கு வெளிச்சமாகக் காட்டும். பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் சேர்ந்து பெருகும்.

உள்ளே ஏன் பனி படர்கிறது?

குளிரில், உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் கண்ணாடியில் துளியாகப் படிகிறது. உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடிய கருவியில் அந்தத் தொல்லை இல்லை.

காசை எப்படி மிச்சப்படுத்துவது?

நேர்குழல் வகையின் பட்டகத்தை மிகத் துல்லியமாக வெட்ட வேண்டும், செலவு கூடும். அதே விலையில், அகன்ற தோள் கொண்ட போரோ வகை பெரும்பாலும் தெளிவாகக் காட்டும்.

கடையில் கருவியைக் கைநீட்டிப் பிடித்து, வானத்தை நோக்கித் திருப்புங்கள். கண்வில்லையில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்கட்டும். ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். பெரிய பெருக்கத்துக்கு மயங்காமல், நல்ல வெளிச்சத்துக்குக் காசு கொடுங்கள்.