மாலை ஆறு மணிக்குப் பின் கூடும் சபை

ஆங்கிலக் கதைகளையும் நாவல்களையும் படித்துப் பழகியவர்களின் மனத்தில், இங்கிலாந்தின் கிராமம் என்ற மாத்திரத்தில், கூரிய கோபுரத்தோடு கூடிய ஒரு பழைய தேவாலயமும், அதன் எதிரே கிரிக்கெட் ஆடுவதற்கேற்ற பசும்புல் வெளியும், அதன் ஓரத்தில் ஒரு மதுச்சாலையும், சுற்றிலும் கல்லால் கட்டிய சில வீடுகளுமாக ஒரு சித்திரம் தானாகவே எழுந்து நிற்கும். அந்தப் புல்லை வெட்டிச் சீராக வைத்திருப்பவர் யார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மழையில் நனையாமலிருக்க நிழற்கொட்டகை அமைத்தவர் யார், யுத்தத்தில் மாண்ட ஊர் இளைஞர்களின் பெயர் பொறித்த ஞாபகச் சின்னத்தைப் பாதுகாப்பவர் யார், இறந்தோரை அடக்கம் செய்யும் மயானத்தின் கணக்கை எழுதுகிறவர் யார் என்ற விஷயங்களைக் கதாசிரியர்கள் பொதுவாக விசாரிப்பதில்லை. இக்கேள்விகளுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே விடைதான் உண்டு. அது பாரிஷ் கவுன்சில் என்னும் ஊர்ச் சபையாகும்.

இங்கிலாந்தில் இத்தகைய சபைகள் ஏறத்தாழ 10,000 இருக்கின்றன. சில நூறு பேர் வசிக்கும் குக்கிராமத்துக்கும் சபை உண்டு. பல்லாயிரம் ஜனத்தொகையுள்ள சிறு நகரங்களில் அதே சபை டவுன் கவுன்சில் என்ற பெயரோடு விளங்குகிறது. அங்கத்தினர் குறைந்தபட்சம் ஐவர் இருக்க வேண்டும். அவர்களுடைய பதவிக்காலம் நான்கு ஆண்டு. கிராமப்புறங்களில் பெரும்பாலோர் எந்தக் கட்சியின் கொடியையும் ஏந்தாமல் சுயேச்சையாக நிற்பவர்கள், சம்பளமின்றி உழைப்பவர்கள். சம்பளம் பெறுபவர் பல ஊர்களில் ஒரே ஒருவர்தான். கிளார்க் என்று அழைக்கப்படும் அந்தக் காரியதரிசி, வாரத்தில் சில மணி நேரம், அநேகமாகத் தம் வீட்டு அறையிலேயே அமர்ந்து, நிகழ்ச்சி நிரல் தயாரித்து, வரவு செலவு எழுதி, மேலிடங்களுக்குக் கடிதம் போட்டு, சட்டம் இதை அனுமதிக்கிறது, இதை அனுமதிக்கவில்லை என்று அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்லி, சபையின் சக்கரங்களைச் சுழலச் செய்கிறார்.

இதன் பூர்வ சரித்திரம் தேவாலயத்திலிருந்து தொடங்குகிறது. பாரிஷ் என்பது ஆதியில் ஒரு பாதிரியாரின் ஆத்மிகப் பொறுப்புக்கு உட்பட்ட எல்லையாக இருந்தது. எலிசபெத் ராணியின் ஆட்சிக் காலத்தில், 1601-ல் பிறந்த ஏழைகள் சட்டம், ஒவ்வொரு பாரிஷும் தன் எல்லைக்குட்பட்ட ஏழைகளைத் தானே பராமரிக்க வேண்டுமென்றும் அதற்காக வரி விதித்துக்கொள்ளலாமென்றும் விதித்தபோது, தேவாலயத்தில் கூடிய பெரியவர்களின் சபை லௌகிக அதிகாரமும் உடையதாயிற்று. 1834-ல் ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பு பல பாரிஷ்களை ஒன்றிணைத்த அமைப்புகளின் கைக்கு மாறவே, பழைய சபை பலம் குன்றியது. எஞ்சியிருந்த செல்வாக்கும் நிலச்சுவான்தார், பாதிரியார், பெரிய பண்ணைக்காரர் ஆகிய மூவகையினரிடமே நிலைத்தது. 1884-ல் பார்லிமெண்டுக்கு வாக்களிக்கும் உரிமையைப் பெற்ற விவசாயத் தொழிலாளி, தேசத்தை ஆள்பவர் யார் என்று தீர்மானிப்பதில் பங்கு கொண்டும், தன் வீட்டு வாசலில் ஓடும் சாக்கடையைப் பற்றிப் பேச இடமில்லாதவனாக இருந்தான்.

இந்த முரண்பாட்டைப் போக்குவதற்கு லிபரல் கட்சியார் கொண்டுவந்த மசோதாதான் 1894-ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டம். அதைப் பிரபுக்கள் சபை வெட்டியும் திருத்தியும் அனுப்பியதைக் கண்டித்து, அவ்வாண்டு மார்ச் 1-ஆம் தேதி பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் காமன்ஸ் சபையில் ஆற்றிய உரையே அவருடைய அறுபதாண்டுப் பார்லிமெண்டு வாழ்வின் கடைசி உரையாக அமைந்தது. சில நாட்களில் அவர் பதவி துறந்தார், மசோதாவும் சட்டமாயிற்று. அந்த மந்திரி சபையில் குடியேற்ற நாடுகளுக்கான மந்திரியாக வீற்றிருந்தவர், சென்னை மாநகராட்சி மாளிகை இன்றும் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த ரிப்பன் பிரபு. அவர் இந்தியாவின் வைசிராயாக இருந்த காலத்தில், 1882-ல், ஸ்தல சுயாட்சியின் முதற்பயன் நிர்வாகச் சீர்மையன்று, ஜனங்களுக்கு அரசியல் கல்வி புகட்டுவதே என்ற கருத்தமைந்த புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டவர். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே இங்கிலாந்தின் கிராமவாசிக்குத் தன் ஊரில் தேர்தல் மூலம் அமையும் சபை கிட்டியது.

அச்சட்டத்தை இயற்றியவர்கள் கிராம வாழ்க்கையை உள்ளபடி அறிந்தவர்கள் என்பதற்கு அதன் சிறு ஷரத்துகளே சாட்சி. வாக்காளர் அனைவரும் கலந்துகொள்ளும் ஊர்க் கூட்டம் மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கலாகாது. வயல் வேலையை முடித்து வரும் கூலியாளும் பங்குபெற வேண்டும் என்பதே கருத்து. மதுபானம் விற்கும் இடத்தில் சபை கூடலாகாது, வேறு தகுந்த இடம் கிடைக்காத பட்சத்தில் மட்டுமே கூடலாம் என்ற விதியும் அன்றே ஏற்பட்டு, இன்றும் சிறு மாறுதல்களோடு அமலில் இருக்கிறது. பெண்கள், விவாகமானவர்களாயினும் ஆகாதவர்களாயினும், வாக்களிக்கவும் அங்கத்தினராகவும் உரிமை பெற்றார்கள். பார்லிமெண்டுத் தேர்தலில் ஆங்கிலப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1918-ல்தான் என்பதையும், அதுவும் அப்போது முப்பது வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே என்பதையும் நினைத்தால், கிராமம் எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும்.

இன்றைய சபையின் கூட்டம் எப்படி நடக்கிறது? மூன்று முழு நாட்களுக்கு முன்பாகவே நிகழ்ச்சி நிரலை ஊர் விளம்பரப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். எவரும் வந்து அமர்ந்து நடவடிக்கைகளைக் கேட்கலாம். இவ்வுரிமையை உறுதி செய்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம், பார்லிமெண்டுக்குப் புதிதாக வந்திருந்த மார்கரெட் தாட்சர், தம் கன்னிப் பேச்சிலேயே தனி அங்கத்தினர் மசோதாவாகக் கொண்டுவந்ததாகும். தலைவர் அமர்ந்து, சென்ற கூட்டத்தின் குறிப்புகள் உறுதி செய்யப்பட்ட பிறகு, ஊர்க்காரர்கள் பேசுவதற்கென்று பல சபைகள் சிறிது நேரம் ஒதுக்குகின்றன. அந்நேரத்தில் எழும் முறையீடுகள் ஊருக்கு ஊர் அதிகம் வேறுபடுவதில்லை: நாயை உலாவ அழைத்துச் செல்பவர் அதன் அசுத்தத்தை அப்படியே விட்டுப் போகிறார், பள்ளிக்கூடத்தின் எதிரில் மோட்டார்கள் காற்றாய்ப் பறக்கின்றன, சாலையில் விழுந்த குழி மழைக்கு மழை பெரிதாகிறது, ஒருவருடைய வேலிச் செடி நடைபாதையை மறைக்கிறது, விளையாட்டுத் திடலில் ஊஞ்சலின் சங்கிலி அறுந்து தொங்குகிறது.

இவற்றுள் ஊஞ்சலைப் பழுது பார்ப்பது சபையின் கையிலேயே இருக்கிறது. மற்றவை அப்படியல்ல. சாலையும் பள்ளிக்கூடமும் கவுண்டி கவுன்சிலைச் சேர்ந்தவை. குப்பை அகற்றுவதும் வீடு கட்ட அனுமதி தருவதும் டிஸ்டிரிக்ட் கவுன்சிலின் பொறுப்பு. இரண்டும் ஒன்றாய் இணைந்த பிரதேசங்களில் ஒரே பெரிய கவுன்சில் இவையனைத்தையும் பார்க்கிறது. சாகுபடி செய்ய ஊரார் வாடகைக்குப் பெறும் துண்டு நிலங்கள், மயானம், திடல், சமூகக் கூடம், ஆசனங்கள், பொதுக் கடிகாரம், சில ஊர்களில் தெருவிளக்கு ஆகியவையே பாரிஷின் ஆளுகைக்கு உட்பட்டவை. சாலைக் குழியைப் பற்றிச் சபை செய்யக்கூடியது, உரிய இடத்துக்கு எழுதுவதும், மறுமொழி வராவிட்டால் மறுபடி எழுதுவதும், கவுண்டியின் பிரதிநிதி கூட்டத்துக்கு வரும்போது அவரை நிறுத்திக் கேட்பதும்தான். ஆயினும் தனியொருவர் தம் வீட்டில் முணுமுணுத்த குறை, தேதியிட்டுப் பதிவான தீர்மானமாக மாறியபின், அதைக் கேளாதது போல் இருந்துவிடுவது எந்த அதிகாரிக்கும் அத்தனை எளிதன்று.

சபைக்கு வேண்டிய பணத்தைச் சபையே கணக்கிட்டு, பிரிசெப்ட் என்ற பெயரால் மேல் கவுன்சிலுக்குத் தெரிவிக்கிறது. மேல் கவுன்சில் அதை வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுத்துவிட வேண்டும். வரியோ 1991-ஆம் ஆண்டின் மதிப்பைக் கொண்டு வீடுகளை எட்டு வகுப்புகளாகப் பிரித்து விதிக்கப்படுவது. பெரிய கவுன்சில்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரியை உயர்த்தினால் மக்கள் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். இக்கட்டுப்பாட்டைப் பாரிஷ்களின் மீது அரசாங்கம் இதுவரை சுமத்தவில்லை. எனினும் வரியை உயர்த்திய அங்கத்தினர் மறுநாள் காலையில் அதே கடையில் அதே அண்டை வீட்டாரைச் சந்திக்க வேண்டியிருப்பதால், சட்டத்தினும் வலிய கட்டுப்பாடு ஒன்று இயற்கையாகவே அமைந்திருக்கிறது. ஆண்டுதோறும் முப்பது வேலை நாட்கள் எந்த ஊர்வாசியும் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடலாம் என்பது அதற்கு மேலும் ஒரு காவல்.

கிராமத்தின் அமைதியைக் குலைக்க வீடு கட்டும் பிரச்சினைக்கு நிகரானது வேறொன்றில்லை. ஊரின் ஓரத்து வயலில் ஐம்பது வீடுகள் கட்ட ஒரு கம்பெனி விண்ணப்பம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சபையைக் கலந்து அபிப்பிராயம் பெறுவது வழக்கம். முடிவு செய்யும் அதிகாரம் சபைக்கு இல்லை. எழும் ஆட்சேபங்களிலும் எல்லாம் செல்லுபடியாவதில்லை. என் ஜன்னலிலிருந்து தெரியும் இயற்கைக் காட்சி மறைந்துவிடும், என் வீட்டின் விலை இறங்கிவிடும் என்பவை சட்டத்தின் செவியில் ஏறா. சாலை நெரிசல், வெள்ள அபாயம், சாக்கடை வசதிக் குறைவு ஆகியவை ஏறும். ஆகவே ஊராரின் மனக்கிலேசத்தைச் சட்டத்துக்கு விளங்கும் பாஷையில் எடுத்துரைப்பதே சபையின் சாமர்த்தியமாகிறது. இதில் இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. புதிய வீடுகளை எதிர்ப்பவர்களில் பலர் ஏற்கெனவே வீடு உடையவர்கள்; அவ்வூரிலேயே பிறந்த இளைஞனோ, ஓய்வுபெற்று வந்தவர்களும் விடுமுறைக்கென்று இரண்டாம் வீடு வாங்குபவர்களும் ஏற்றிவிட்ட விலையைக் கொடுக்க முடியாமல் பட்டணத்துக்குக் குடிபெயர்கிறான். எதிர்ப்புக் கூட்டத்தில் அவனுடைய குரல் ஒலிப்பது அபூர்வம்.

2011-ல் நிறைவேறிய ஸ்தலாதிகாரச் சட்டம் இதற்கு ஒரு வழி திறந்தது. தங்கள் பகுதியில் எங்கே, எத்தகைய கட்டடங்கள் எழலாம் என்ற திட்டத்தைக் கிராமத்தாரே வகுத்து, சுயேச்சையான பரிசோதகர் பார்த்தபின் வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்றுவிட்டால், அது சட்டத்தின் பலம் பெறுகிறது. கம்பிரியாப் பிரதேசத்தில் 17 பாரிஷ்கள் சேர்ந்த மேல் ஈடன் பகுதி, 2013-ல் தேசத்திலேயே முதலாவதாக இத்தகைய வாக்கெடுப்பில் வெற்றி கண்டது. கார்ன்வாலின் கடற்கரை ஊரான செயிண்ட் ஐவ்ஸ், 2016-ல், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கே உரியவையாக வேண்டும் என்ற விதியை 83 சதவிகித வாக்குகளால் ஏற்றது; அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கும் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. இத்தகைய திட்டம் உள்ள பாரிஷுக்கு, அங்கே எழும் கட்டடங்களுக்காக வசூலாகும் அபிவிருத்தி வரியில் 25 சதவிகிதமும், இல்லாத பாரிஷுக்கு 15 சதவிகிதமும் கிடைக்கும். எதிர்த்து மட்டும் பேசியவர்களை, வேண்டியது இன்னதென்று சொல்லவும் இச்சட்டம் பழக்குகிறது.

வீட்டுக்கு அடுத்தபடியாகக் கிராமத்தை வாட்டுவது வசதிகளின் தேய்வு. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனுக்கு வெளியே பஸ் போக்குவரத்தைத் தனியாரின் போட்டிக்குத் திறந்துவிட்டபின், லாபம் தராத கிராமத் தடங்கள் கவுன்சில்களின் மானியத்தை நம்பியே ஓட வேண்டியதாயிற்று. மானியம் சுருங்கிய இடங்களில் பஸ்ஸும் மறைந்தது. தபாலாபீசும் கடையும் மதுச்சாலையும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டால், தனியே வாழும் முதியவருக்கு மற்றொரு மனிதரோடு இரண்டு வார்த்தை பேசும் சந்தர்ப்பமும் அற்றுப்போகிறது. இதை உணர்ந்தே கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தார், ஓல்ட் கிரவுன் என்ற தங்கள் மதுச்சாலையைக் கூட்டுறவு முறையில் 2003-ல் வாங்கித் தாங்களே சொந்தக்காரர்கள் ஆனார்கள். 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தகைய இடத்தைச் சமூகத்துக்குப் பயன்படும் சொத்தென்று முன்னரே பதிவு செய்து வைத்தால், அது விற்பனைக்கு வரும்போது பணம் திரட்ட ஊராருக்கு ஆறு மாத அவகாசம் உண்டு.

இச்சபைகளைக் குறைகளே அற்றவை என்று துதிப்பதும் உண்மைக்கு ஒவ்வாது. பல ஊர்களில் போட்டியிட ஆள் வருவதில்லை. வேட்பு மனு தந்தவரெல்லாம் தேர்தலின்றியே அங்கத்தினராகிவிடுகிறார்கள். அதன் பிறகும் காலியாக நிற்கும் ஆசனங்களுக்குச் சபையே ஆளைத் தேடி நியமித்துக்கொள்கிறது. இளைஞர்களும் சிறு குழந்தைகளின் தாய்மார்களும் குறைவு. சொந்தப் பகையும் அந்தஸ்து உணர்ச்சியும் புகுந்துவிட்டால், சிறிய மேஜையைச் சுற்றி நடக்கும் சண்டை பெரிய சபைகளின் சண்டையைவிடக் கடுமையாகிறது. செஷையர் பகுதியிலுள்ள ஹாண்ட்ஃபோர்த் பாரிஷின் கூட்டமொன்று, கொரோனாக் காலத்தில் கணினித் திரை வழியே நடந்தபோது, அங்கத்தினர்கள் ஒருவர்மீதொருவர் கூச்சலிட்டுப் பொரிந்த காட்சி 2021-ல் உலகெங்கும் பரவிச் சிரிப்பை விளைவித்ததை வாசகர்களில் சிலர் கண்டிருக்கலாம்.

சிரிப்புக்கிடமான இந்தச் சபைக்கு வருங்காலத்தில் பொறுப்பு கூடும் போலிருக்கிறது. 2023-ல் வட யார்க்‌ஷயரில் கவுண்டி கவுன்சிலும் ஏழு டிஸ்டிரிக்ட் கவுன்சில்களும் மறைந்து, பரந்த அப்பிரதேசம் முழுவதற்கும் ஒரே கவுன்சில் ஏற்பட்டது. எஞ்சியுள்ள இரண்டடுக்குப் பிரதேசங்களிலும் இவ்வாறே செய்யும் நோக்கத்தை அரசாங்கம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. சிக்கனம் இதனால் விளையலாம். ஆனால் தீர்மானிக்கும் அதிகாரி கிராமத்துக்கு இன்னும் எட்டாதவராகிறார். பூங்காவையும் பொதுக் கழிப்பிடத்தையும் நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று பெரிய கவுன்சில்கள் பாரிஷ்களிடம் ஒப்படைக்கும் வழக்கமும், செலவுக்குரிய பணத்தைக் கூடவே அனுப்பாத வழக்கமும் ஏற்கெனவே தொடங்கிவிட்டன.

1894-ல் சட்டம் கிராமத்துக்குத் தந்தது, ஆள்வதற்குரிய அதிகாரம் என்பதைவிட, கேட்பதற்குரிய ஓரிடம் என்பதே பொருந்தும். மேலே ஒரு டிஸ்டிரிக்டும் ஒரு கவுண்டியும் எட்டும் தூரத்தில் இருந்து பதில் சொன்னவரையில், அந்த அளவே ஒருவாறு போதுமானதாக இருந்தது. இனி, கேள்விக்கு விடை தர வேண்டியவர் ஐம்பது மைலுக்கு அப்பால் அமர்ந்திருக்கும்போது, கேட்கும் உரிமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கிராமம் நெடுநாள் திருப்தியோடு இருக்க முடியாது. பொறுப்பை அனுப்புகிறவர்கள் பணத்தையும் தீர்மானிக்கும் உரிமையையும் அதனோடு அனுப்பினால், போட்டியிட ஆளில்லாத ஆசனங்களுக்கும் ஆள் வருவார்கள். செய்து முடிக்கக்கூடிய காரியம் ஒன்று இருக்கிற இடத்துக்கு வர மனிதர்கள் எக்காலத்திலும் தயங்கியதில்லை.