மணலுக்குள் ஒரு சுறா

சுறா என்றதும் விரைந்து நீந்தும் உருவம்தான் மனதில் எழும். தேவதைச் சுறாவோ பகலெல்லாம் கடலடி மணலைப் போர்த்திக்கொண்டு அசையாமல் கிடக்கும். தட்டையான உடல், சிறகுபோல் விரிந்த துடுப்புகள். பெயர்க் காரணம் அதுதான். பார்த்தால் திருக்கை என்றே நினைப்போம். ஆனால் திருக்கையின் பக்கத் துடுப்பு தலையோடு ஒட்டியிருக்கும். இதற்குத் தனியே பிரிந்து நிற்கும்.

பல சுறாக்கள் மூச்சுக்காக நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். இது எப்படிப் படுத்தே கிடக்கிறது? கண்களுக்குப் பின்னால் இரண்டு துளைகள் உண்டு. மணலுக்கு மேலே தெரியும் அந்தத் துளைகள் வழியே நீரை உள்ளிழுத்துச் செவுளுக்கு அனுப்பிவிடுகிறது. வாயில் மண் போகாது. நல்ல ஏற்பாடு!

சிறு மீன் தலைக்கு மேல் வந்ததும் உடல் விசுக்கென எழும், தாடை முன்னே நீளும். பசிபிக் இனத்தில் இந்தப் பாய்ச்சல் ஏறத்தாழ 0.1 விநாடியில் முடிகிறது. ஊசிப் பற்களில் சிக்கியது தப்பாது. வால் துடுப்பிலும் ஒரு விசித்திரம்: மற்ற சுறாக்களுக்கு மேல்மடல் நீளம், இதற்குக் கீழ்மடல்.

முட்டையிடாது, குட்டி போடும், ஓர் ஈற்றில் 7 முதல் 25 வரை.

அசையாமல் கிடப்பதே இதற்கு வினையும் ஆயிற்று. கடலடியை வாரிச் செல்லும் இழுவை வலைகள் இதையும் அள்ளிப் போயின. ஐரோப்பியக் கடல்களில் ஒருகாலத்தில் சாதாரணமாகக் கிடைத்த இந்த இனம், இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஓரளவு எளிதாகக் காணக்கூடிய இடம், ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகள்தான்.