பெயர் மாறலாம், எண் மாறாது

தமிழ்நாட்டை விட்டு வெளியே குடியேறிய நம் குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் பழகிப்போனது. எந்தப் படிவத்தை எடுத்தாலும் “சர்நேம் என்ன?” என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கோ அப்படி ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி எழுதிச் சமாளித்துவிடுகிறோம். ஆனால் பிள்ளைகள் ஆராய்ச்சிக்குப் போனால் இந்தச் சமாளிப்பு செல்லாது. மும்பையில் ஓர் ஆய்வு நூலகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இதை நான் அடிக்கடி காண்கிறேன்.

சுந்தரம் என்பவரின் மகள் மீனாட்சி என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டுரையில் அவர் “எஸ். மீனாட்சி”. அடுத்த ஆய்விதழ் சர்நேம் கேட்கவே, “மீனாட்சி சுந்தரம்” ஆகிறார். நம் ஊரில் அது ஆண்பிள்ளை பெயர்! மூன்றாவது இதழ் அதையும் சுருக்கி “எம். சுந்தரம்” என்று அச்சிடும். கல்யாணத்துக்குப் பிறகு “மீனாட்சி ராமன்”. எழுதியவர் ஒருவர், கணினிக்கோ நான்கு பேர். வேலைக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும்போது யாராவது தேடினால், அவருடைய உழைப்பில் ஒரு பங்குதான் கண்ணில் படும். போதாக்குறைக்கு வேறு எம். சுந்தரங்களின் கட்டுரைகளும் கலந்து வரும்.

இதற்குப் பரிகாரமாக 2012 அக்டோபரில் வந்ததுதான் ஆர்க்கிட். பூவின் பெயர் போல ஒலித்தாலும் இது ஆய்வாளருக்கான அடையாள எண். லாப நோக்கில்லாத அமைப்பு ஒன்று நடத்துகிறது. ஆய்வாளருக்குக் கட்டணம் கிடையாது. நான்கு நான்காகப் பிரித்து எழுதும் 16 இலக்கங்கள். கடைசியில் உள்ளது சரிபார்ப்பு இலக்கம். முன்னுள்ள 15 இலக்கங்களைக் கணக்குப் போட்டு வருவது. எங்காவது ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் கணக்கு உதைக்கும். அந்த இடத்தில் பத்து வந்தால் ரோமானிய முறைப்படி எக்ஸ் என்று போடுவார்கள். எனக்குப் பிடித்த விஷயம் வேறு: இந்த எண்ணைப் பார்த்து ஊர், சாதி, வயது, ஆணா பெண்ணா, எதையும் சொல்ல முடியாது. வேலை மாறினாலும் நாடு மாறினாலும் எண் அதேதான். பழைய பெயர்களையும் அதே பதிவில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆளுக்கு எண் இருப்பது போலக் கட்டுரைக்கும் உண்டு. அதற்கு டி.ஓ.ஐ. என்று பெயர், 10 என்று தொடங்கும். இதழ் கைமாறினால் பழைய இணைய முகவரி செத்துப்போகும். டி.ஓ.ஐ. அப்படியல்ல. பதிப்பகத்தார் புதிய முகவரியைப் பதிவேட்டில் மாற்றிவிட்டால், பழைய எண்ணே நம்மைப் புதிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும். பதிப்பகங்கள் கூடி 2000-இல் தொடங்கிய கிராஸ்ரெஃப் இந்த எண்களைப் பதிவுசெய்கிறது. கட்டுரையை அனுப்பும்போதே ஆர்க்கிட் எண்ணைக் கொடுத்து, அனுமதியும் தந்தால், கிராஸ்ரெஃப் வழியாகக் கட்டுரை தானாகவே பதிவில் ஏற வழியுண்டு.

இந்த எண் தரச்சான்று அல்ல. யாரும் வாங்கலாம், நல்ல ஆராய்ச்சி, சொத்தை ஆராய்ச்சி என்று அது பிரித்துச் சொல்லாது. ஒருவருக்கு ஓர் எண்தான் இருக்க வேண்டும். இரண்டு வாங்கினால் பழைய குழப்பம்தான் திரும்பி வரும். பதிவு செய்யும்போது கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கொடுக்க வேண்டும். கல்லூரியை விட்டதும் அந்த அஞ்சல் நின்றுவிடும். கடவுச்சொல் மறந்தால் உள்ளே நுழைய வழியிருக்காது.

உங்கள் வீட்டில் பி.எச்டி.க்குத் தயாராகும் பிள்ளை இருந்தால், “ஆர்க்கிட் எண் வாங்கிட்டியாம்மா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முதல் கட்டுரை அச்சேறுமுன் வாங்கிவிட்டால் பின்னால் தேடித் தொகுக்கும் வேலை மிச்சம். அப்பா பெயரை முன்னே போடுவதா பின்னே போடுவதா என்பதை நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.