பளபளத்த மூடி ஏன் உரிந்தது?

ஆயர் குரோவில் ஒரு தாமான் வீடு. பள்ளி விடுமுறை நாள். அப்பா பழைய காரின் போனட்டைத் திறக்கிறார். இஞ்சினுக்கு மேலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடி வெளிறிப் போயிருக்கிறது. கடையில் வாங்கிய சிவப்பு ஸ்ப்ரே சாயத்தை அடித்ததும் மூடி புதிதுபோல் மின்னுகிறது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சாயம் வெங்காயத் தோல்போல் உரிந்து வருகிறது. "மட்டமான சாயம்" என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள்.

மாணவர்களே, குற்றம் சாயத்தின் மேல்தானா? வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம்.

கடையில் சாப்பாடு கட்டித் தரும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். அதன் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். நன்றாகக் கழுவிய கண்ணாடியின் மேல் இன்னொரு சொட்டு விடுங்கள். கண்ணாடியில் நீர் பரவும். டப்பாவில் அது மணிபோல் திரண்டு நிற்கும். இப்போது டப்பாவில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் தாராளமாகப் பரவும். குழம்பு வைத்த டப்பாவில் மஞ்சள் கறை எளிதில் போகாததற்கும் இதுவே காரணம்.

பாலிபுரோப்பிலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ளன. அதில் மின்முனைகள் இல்லை. எண்ணெயும் பெரும்பாலும் அப்படிப்பட்டதே என்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. சாயத்திலுள்ள பிசினிலோ ஆக்சிஜன் கொண்ட தொகுதிகள் உண்டு. அவை பற்றிக்கொள்ள எதிர்ப்புறத்திலும் மின்முனை வேண்டும். பாலிபுரோப்பிலீனில் அந்தப் பிடி கிடைப்பதில்லை.

இதை மேற்பரப்பு ஆற்றல் என்னும் அளவு காட்டுகிறது. நீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன். பாலிபுரோப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் ஏறத்தாழ 30 மட்டுமே. நைலான் 66-க்கு 40-க்கு மேல். இந்த எண் குறையக் குறைய, ஒட்ட வரும் பொருளைப் பிடித்து வைப்பது கடினமாகிறது.

இன்னொரு தடையும் உண்டு. சில பிளாஸ்டிக்குகளின் மேற்புறத்தைச் சாயத்திலுள்ள கரைப்பான் சற்றே கரைத்து உள்ளே இறங்கும். ஏ.பி.எஸ். அத்தகையது. பாலிபுரோப்பிலீன் சாதாரண வெப்பநிலையில் அந்தக் கரைப்பான்களுக்கு அசைந்து கொடுக்காது. ஆகவே, சாயம் அதன் மேல் ஒரு போர்வையாகக் கிடக்கிறதே தவிர வேர் விடுவதில்லை.

இந்தப் பிளாஸ்டிக் நமக்குக் கிடைத்தது 1954-இல். இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நத்தா இதன் மூலக்கூறுகளை ஒழுங்காக அடுக்கி உறுதியான பொருளாக்கினார். 1963-இல் அவரும் ஜெர்மனியின் கார்ல் சீக்லரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எடை குறைவு, அமிலத்துக்கு அசையாது, விலையும் மலிவு. அதனால்தான் பேட்டரிப் பெட்டி, காற்று வடிகட்டிப் பெட்டி போன்ற பல பாகங்கள் இதில் செய்யப்படுகின்றன. அமிலத்தை அண்டவிடாத அதே குணம்தான் சாயத்தையும் அண்டவிடுவதில்லை.

போனட்டுக்கு அடியில் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஓடும் இஞ்சினைக் குளிர்விக்கும் நீரே சுமார் 90 டிகிரி செல்சியசில் இருக்கும். 50 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுத் துண்டு 60 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. கலப்பில்லாத பாலிபுரோப்பிலீன் சுமார் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீளும். தினமும் இப்படி விரிந்து சுருங்கினால், பிடியில்லாத சாயம் முதலில் விளிம்பில் எழும்பும், பிறகு உரியும்.

அப்படியானால் காரின் பம்பரில் மட்டும் சாயம் எப்படி நிற்கிறது? அதுவும் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் கலவைதான். தொழிற்சாலைகளில் சாயத்துக்கு முன் அதன் மேல் தீச்சுடரை நொடிப்பொழுது ஓட்டுவார்கள், அல்லது பிளாஸ்மாவைப் பயன்படுத்துவார்கள். அப்போது மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகள் உண்டாகின்றன. சாயத்துக்குப் பிடி கிடைக்கிறது. முறுக்குப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் தாளில் அச்சு மை நிற்பதும் மின்வெளியேற்றத்தால் செய்யும் இதே வேலையால்தான். இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது.

வீட்டில் அதற்கு மாற்று, ஒட்டுதலைக் கூட்டும் அடிப்பூச்சு. பெரும்பாலும் அதில் இருப்பது குளோரின் சேர்த்த பாலியோலிஃபின். அதன் சங்கிலி பாலிபுரோப்பிலீனைப் போன்றது என்பதால் பிளாஸ்டிக்கோடு உறவாகிறது. குளோரின் உள்ள இடங்கள் சாயத்தைப் பிடிக்கின்றன. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்று பேசுவதைப் போல இது.

ஆகவே வேலையின் முதல் படி சாயம் வாங்குவதன்று. பாகத்தைத் திருப்பிப் பார்ப்பது. பின்புறத்தில் பி.பி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் இந்த அடிப்பூச்சு கட்டாயம் தேவை. பி.ஏ.66 ஜி.எஃப்.30 என்றிருந்தால் அது 30 விழுக்காடு கண்ணாடி இழை கலந்த நைலான். சாயம் அதில் எளிதாகப் பிடிக்கும்.

அடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெய்ப் பிசுக்கை முழுதும் நீக்கி உலரவிட வேண்டும். நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்த பிறகே அடிப்பூச்சு. அது எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பது டப்பாவிலேயே எழுதியிருக்கும். சாயத்தை மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். மழை வரும் மாலையில் இந்த வேலை வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். சாயம் வெண்மையாக மங்கிவிடும்.

பெரியவர் ஒருவர் உடனிருந்தே இதைச் செய்ய வேண்டும். இஞ்சின் ஆறிய பிறகு பாகத்தைக் கழற்றி, திறந்த வெளியில் வைத்துச் சாயம் அடியுங்கள். ஆவி எளிதில் தீப்பிடிக்கும். கொசுவர்த்திகூட அருகில் இருக்கக் கூடாது. சாதாரண முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவியை வடிகட்டும் கவசம் தேவை. காற்று வடிகட்டிப் பெட்டியின் உட்புறத்தில் சாயம் அடிக்கக் கூடாது. உரியும் துகள் காற்றோடு உள்ளே இழுக்கப்படும். எச்சரிக்கை ஒட்டிகளை மறைக்க வேண்டாம். ஹைபிரிட் காரின் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகளைத் தொடவே கூடாது.

முழு மூடிக்கும் அடிக்கும் முன், அதன் உட்புற மூலையில் சிறிது அடித்து நன்றாகக் காயவிடுங்கள். கத்தி முனையால் சிறு கட்டங்கள் கீறச் சொல்லி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்துப் பாருங்கள். சாயக் கூடங்களிலும் இத்தகைய சோதனை உண்டு. கட்டங்கள் அப்படியே நின்றால் அடுத்த விடுமுறையிலும் மூடி சிவப்பாகவே இருக்கும். நாடாவோடு சாயம் வந்துவிட்டால், திட்டுவதற்கு முன் பாகத்தைத் திருப்பி அந்த இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள்.